நிச்சயச் செலவு இரு வீட்டுக்கும் பொது

நிச்சயதார்த்தச் செலவில் சரிபாதியை மாப்பிள்ளை வீட்டார் ஏற்க வேண்டும். அந்தக் கணக்கை இரண்டு வீட்டாரும் நாள் குறிப்பதற்குள் ஒரே தாளில் எழுதிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

நான் கரமனைக்காரி. அரசுக் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் தெருவிலும் உறவிலும் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்துவிடுவார்கள். “அக்கா, இது எங்க போய் நிக்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். பார்த்த அளவில் சொல்கிறேன்: கல்யாணக் கணக்கு பெரும்பாலான வீடுகளில் ஒழுங்காகவே இருக்கும். அதற்கு வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டியிருப்பார்கள், நகையைக் குண்டுமணி குண்டுமணியாகச் சேர்த்திருப்பார்கள். நிச்சயக் கணக்குதான் கைமீறிப் போகும். அதற்கென்று யாரும் தனியாகச் சேர்த்து வைப்பதில்லை. கல்யாணத்துக்கு வைத்த பணத்திலிருந்து எடுக்கிறார்கள். பிறகு அந்தக் குறையை அடைக்க நகையை அடகு வைக்கிறார்கள், இல்லாவிட்டால் கூட்டுறவு பாங்கில் கடன் வாங்குகிறார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை, கல்யாணத்துக்கு முன்பே அடகுக் கடையில் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பு இப்படி இல்லை. என் அம்மாவுக்கு ஊர் நாகர்கோவில் வடசேரி. அவருக்கு நிச்சயம் நடந்தபோது வடசேரியும் கரமனையும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சம்பந்தம் மட்டும் எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. இன்றைக்கும் கரமனை, வலியசாலை, மணக்காடு, ஆரியசாலைத் தமிழ் வீடுகளில் பாதிப் பேருக்குப் பெண் எடுத்ததோ கொடுத்ததோ நாஞ்சில் நாட்டுப் பக்கம்தான்.

அன்றைய நிச்சயம் வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடும். பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்காருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பரிசப் புடவையும் பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். நாள் குறித்த தாளை ஒருவர் உரக்கப் படிப்பார். தட்டு மாற்றுவார்கள். பிறகு பெண் வீட்டார் சோறு போடுவார்கள். தட்டு அவர்கள் பொறுப்பு, இலை இவர்கள் பொறுப்பு. அந்தக் காலத்துக்கு அது நியாயமான பங்கீடுதான். கூடத்தில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர்தான் வந்தார்கள். ஆகவே தட்டில் வந்ததும் இலையில் விழுந்ததும் ஏறக்குறைய ஈடாக இருந்தன.

அந்தப் பங்கீட்டை நாம் இன்னும் மாற்றவில்லை. நிச்சயம் மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கூடம் போய் ஆடிட்டோரியம் வந்தது. பெயர் எழுதிய பலகையும் பூச்சுவரும் சோபாவும் வைத்த மேடை வந்தது. வீடியோ வந்தது, டிரோன் வந்தது, மேக்கப்புக்குத் தனியாக ஆள் வந்தார், வரவேற்பு பானம் வந்தது, கேக் வந்தது, போகிறவர்கள் கையில் கொடுக்கும் பை வந்தது. மலையாளிகளின் வழக்கத்தைப் பார்த்து மோதிரம் மாற்றுவது வந்தது. சில வீடுகளில் மாமியார் வளையிடுவதும் சேர்ந்துகொண்டது. மோதிரமும் வளையும் போக, மற்ற எதுவும் தட்டில் வைக்கிற பொருள் இல்லை. தட்டில் இல்லாதது எல்லாம் பெண் வீட்டுக் கணக்கு என்பது வழக்கம். புதிதாக வந்த ஒவ்வொரு செலவும் கேட்பாரில்லாமல் ஒரே பக்கம் போய் விழுந்ததற்குக் காரணம் இதுதான். யாரும் சதி செய்யவில்லை. பழைய பங்கீட்டைப் புதிய செலவுக்கும் அப்படியே வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

போதாக்குறைக்குத் தங்கம். 2020 ஆகஸ்டில் கேரளத்தில் ஒரு பவன் 42 ஆயிரம் ரூபாயைத் தொட்டபோது இனி எங்கே ஏறப்போகிறது என்று பேசிக்கொண்டோம். 2025 அக்டோபரில் அது 90 ஆயிரத்தைத் தாண்டியது. மாப்பிள்ளைக்கு ஒரு பவனில் மோதிரம் என்று பேச்சுக்குச் சொல்லிவிடுகிறோம். அதன் மேல் செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தால் ஒரு மோதிரத்தின் விலை சாதாரணச் சம்பளக்காரரின் இரண்டு, மூன்று மாதச் சம்பளம். அரைப் பவன் மோதிரத்தை ஏற்காத விரல் எதுவும் கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். இரண்டு மோதிரமும் ஒரே எடை என்று முதலிலேயே பேசிவிட்டால் இன்னும் நல்லது.

ஆனால் நிச்சயச் செலவைத் தீர்மானிப்பது தங்கமும் இல்லை, மேடையும் இல்லை. தலைக்கணக்குதான். எத்தனை பேர் என்பது தெரிந்தால்தான் எந்த ஹால், எத்தனை இலை, எத்தனை நாற்காலி, எத்தனை பை என்பது தெரியும். அந்த எண்ணை யார் சொல்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டார். அந்த எண்ணுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? பெண் வீட்டார். சொல்கிறவர் ஒருவர், கொடுக்கிறவர் இன்னொருவர் என்றால் எண் எப்படிக் கட்டுக்குள் நிற்கும்? அலுவலகத்தில் இப்படி ஒரு பில் வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

எங்கள் உறவில் நடந்த ஒரு நிச்சயத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தாய்மாமா போனில், “அண்ணாச்சி, நம்ம ஆளுக ஒரு அம்பது பேரு வருவோம், அதுக்கு மேல போகாது” என்றார். பெண்ணின் அப்பா அம்பதை அறுபதாக எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்தார். வந்தது ஒரு பஸ், இரண்டு வேன், அது போக நாலைந்து கார். தொண்ணூறுக்கு மேல் இருக்கும். முதல் பந்தி முடிவதற்குள் சமையல்காரர் வாசல் பக்கம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண்ணின் தம்பி இலைக்கட்டு வாங்க ஸ்கூட்டரில் சாலைக் கடைவீதிக்கு ஓடினான். இரண்டாம் பந்தியில் சாம்பாரில் காய் எதையும் காணோம். போளி ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துப் போடப்பட்டது. பெண்ணின் அப்பா கடைசிவரை இலையில் உட்காரவே இல்லை, ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வழக்கப்படி இல்லை. பாதிச் செலவு தங்களுடையது என்றிருந்தால், அந்தத் தாய்மாமா பஸ் ஏறும் இடத்தில் நின்று தானே தலையை எண்ணியிருப்பார்.

என் மகளுக்குப் பேச்சு வந்தபோது இதை மனதில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபி கொடுத்த கையோடு ஒரு தாளை மேசைமேல் வைத்தேன். இடப்பக்கம் பொதுச் செலவுகள். வலப்பக்கம் இரண்டு பத்தி, எங்கள் வீடு, உங்கள் வீடு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியை. “நல்ல காரியந்தான் மயினி. எனக்கு ரெண்டு பொண்ணைக் கட்டிக் கொடுத்த அனுபவம் இருக்கு” என்று சொல்லிப் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஆளுக்கு ஐம்பது பேர், மொத்தம் நூறு என்று முதல் வரியில் எழுதினார். அதன் பிறகு எதுவும் கடினமாக இல்லை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சத்யா விருந்து இலைக்கு 320 ரூபாய் வீதம் நூறு இலைக்கு 32,000. சின்ன ஹால் 30,000. படம் எடுப்பவருக்கு 25,000. வீடியோவும் டிரோனும் சேர்த்து அவர் முதலில் கேட்டது இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். படம் மட்டும் போதும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். மேடைக்கு 18,000. நாதஸ்வரம், தவிலுக்கு 6,500. பூ, பழம், வெற்றிலை, மாலை 9,000. ஆக மொத்தம் 1,20,500 ரூபாய். பாதி 60,250. மோதிரமும் புடவையும் வேட்டியும் இந்தக் கணக்கில் சேராது, அவரவர் அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பது. 60,250 ரூபாய்க்கு எங்கள் இரு வீட்டாரும் நகையை அடகு வைக்க வேண்டிவரவில்லை.

நூறு என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்தில் இப்போது நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று நாளைக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அகற்றக் கட்டணமும் கட்ட வேண்டும். நல்ல விதிதான். நூறுக்குள் நின்றுவிட்டால் அந்த அலைச்சலும் இல்லை.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நூறு பேருக்கு நல்ல சாப்பாடு போடுங்கள், முந்நூறு பேருக்குச் சுமாராகப் போட வேண்டாம். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு பெருமை இருக்கிறது. அவியலும் எரிசேரியும் ஓலனும் கேரளம் முழுக்க உண்டு. போளியை இலையில் பிய்த்துப் போட்டு, அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது திருவனந்தபுரத்து வழக்கம். தமிழ் வீட்டுப் பண்டமும் மலையாளத்துப் பாயசமும் ஒரே இலையில் சேர்ந்த ஊர் இது. மதுரை, திருச்சிப் பக்கத்திலிருந்து வரும் சம்பந்திகள் முதலில் தயங்குவார்கள், பிறகு இரண்டாம் போளி கேட்பார்கள். அந்தச் செலவு வந்தவர்களின் வயிற்றுக்கும் மனதுக்கும் போய்ச் சேருகிறது.

தட்டிலும் குறைக்காதீர்கள். உண்மையில் அதற்கு அதிகம் ஆகாது. திவான் ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த சாலைக் கடைவீதி, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை இன்னும் நமக்காகத் திறந்திருக்கிறது. நிச்சயத்துக்கு வேண்டிய மஞ்சள், குங்குமம், கற்கண்டு, தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் ஒரு காலை நேரத்தில் அங்கே வாங்கிவிடலாம். பூ தோவாளையிலிருந்து வருகிறது. அரளியை மடித்து நொச்சி இலையோடு சேர்த்துக் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பூச்சுவருக்குப் பணம் கொடுக்க மனசு வராது. பழத்துக்கு, குமரி மாவட்டத்து மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள்.

என் சித்தி வெற்றிலைத் தட்டு அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கட்டைப் பிரித்து ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரம் கிழிந்தது, புள்ளி விழுந்தது, நுனி கருகியது எல்லாம் தனியே போகும். நல்லதை ஈரத் துணியால் துடைத்து, காம்பெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் வரும்படி ஒன்றின்மேல் ஒன்றாக விசிறிபோல வட்டமாக வைப்பார். நடுவில் பாக்கு. ஒரு தட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது அதே தட்டை வாடகைக்கு வாங்குகிறார்கள், வெற்றிலைக்குப் பதில் சாக்லேட்டை அடுக்கி, செலஃபன் தாள் சுற்றி. வீட்டில் இரண்டு சித்திகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். செலவை மட்டுமல்ல, செய்யும் கைகளையும் நாம் வெளியே கொடுத்துவிட்டோம்.

வெற்றிலை பாக்கில்லாமல் நிச்சயம் இல்லை என்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. என்னோடு வேலை பார்த்த தோழியின் மகன் வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில் இருக்கிறான். கூட வேலை செய்யும் பையனின் நிச்சயத்துக்குத் தட்டு தூக்கப் போனேன் என்று படம் அனுப்பியிருந்தான். கல்யாணமாகாத பையன்கள்தான் தூக்க வேண்டுமாம். சிவப்புத் துணி மூடிய தட்டுகள், ஒன்றில் பாக்குக் குலையும் வெற்றிலையும், மற்றவற்றில் தேயிலை, மது, பழம், கணவன்–மனைவி என்ற பெயரில் ஒரு பலகாரம், வசதியுள்ளவர்கள் என்றால் முழுசாக வாட்டிய பன்றி. தெற்கு வியட்நாமில் பாக்குக் குலையில் 105 காய் இருக்க வேண்டும் என்று எண்ணி வாங்குகிறார்கள். தட்டு தூக்கும் பையன்கள் எத்தனை பேரோ அத்தனை பெண்கள் பெண் வீட்டில் வரிசையாக நின்று தட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தவை சில உண்டு. எத்தனை தட்டு என்பதை இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். வடக்கே ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை. தெற்கே பெரும்பாலும் ஆறு, எட்டு என்று இரட்டைப்படை. தட்டின் எண் தெரிந்தால் ஆளின் எண் தெரிந்துவிடுகிறது. பெண் வீட்டுச் செலவுக்கென்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு உறையில் பணமும் வைத்துக் கொடுக்கிறார்கள். கடைசியில், வந்த பொருளில் ஒரு பங்கைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது பாக்குக் குலையைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். வெட்டு என்ற பேச்சே அந்த உறவில் வரக் கூடாது என்ற கவனம். நம் பரிசமும் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத்தான் போனது. பணம் போகும் திசையை எதிராகத் திருப்பியது நம் பாட்டிகளின் வழக்கம் இல்லை, அதற்குப் பிறகு வந்தவர்களின் வேலை.

அந்தத் திசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேரளம் பார்த்துவிட்டது. 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் இளம் மருத்துவ மாணவி ஒருவர் வரதட்சணைக் கொடுமையால் உயிரை விட்டார். அடுத்த மாதமே, கல்யாணமான ஒரு மாதத்துக்குள் ஆண் அரசு ஊழியர்கள் தாங்கள் வரதட்சணை வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் மனைவியும் தந்தையும் மாமனாரும் கையெழுத்திட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்திலோ, பின்போ கொடுப்பதையும் கொடுப்பதாக ஒப்புக்கொள்வதையும் சேர்த்தே தடுக்கிறது. நிச்சய நாளில் உள்ளறையில் நடக்கும் பேச்சும் அதற்குள் அடங்கும். கல்யாணப் பரிசுகளைக் கொடுத்தவர் பெயர், மதிப்பு உட்படப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ல் விதியே செய்திருக்கிறார்கள். பரிசுப் பட்டியல் எழுதச் சட்டமே சொல்லும்போது, செலவுப் பட்டியல் எழுத நாம் ஏன் கூச வேண்டும்? பேனாவும் தாளும் வெளியே இருக்கும் வீட்டில் உள்ளறைப் பேச்சுக்கு இடம் குறையும்.

சின்னதாகச் செய்வது நமக்குப் பழக்கமில்லாததும் இல்லை. இந்த நகரத்துக்குப் பக்கத்தில் செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, சிறுமிகளுக்குக் கடன் வாங்கி நடத்தப்பட்ட தாலிகெட்டுக் கல்யாணம் என்ற சடங்கை விட்டுவிடச் செய்தவர். கல்யாணத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார் அவர். 2021 மே மாத ஊரடங்கில் கேரளத்தில் கல்யாணத்துக்கே 20 பேர்தான் என்று வரம்பு இருந்தது. அந்த மாதங்களில் கல்யாணமானவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். இருபது பேர் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்கள் கூடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தச் சந்தோஷத்தின் விலையை இரண்டு வீடும் சேர்ந்து கொடுக்கட்டும் என்கிறேன்.

நாள் குறிப்பதிலும் பணம் இருக்கிறது. ஆடியும் கர்க்கடகமும் ஒன்றுதான், அதில் யாரும் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுகிறோம். அது சிங்க மாதம், ஓணம். அத்தப்பூவுக்காக மொத்த நகரமும் தோவாளைப் பூவை வாங்கும் நாட்கள். இலையும் நேந்திரங்காயும் விலை ஏறும், ஹால் கிடைக்காது. ஓணம் கழிந்து இரண்டு வாரம் பொறுத்தால் அதே பூ, அதே இலை, குறைந்த விலைக்கு. கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்காலை நாளும் அதற்கு முந்தின நாளும் வேண்டாம், நகரத் தெருக்களில் அடுப்பு தவிர வேறெதற்கும் இடம் இருக்காது. சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விமானத்தில் வருகிறவர்கள் இருந்தால், பத்மநாப சுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போவதால் அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் நிற்கும்.

என் யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்டிருக்கிறேன். “சம்பந்தி வீட்டில் போய்ப் பணக் கணக்குப் பேசினால் கௌரவம் என்னாவது?” என்கிறார்கள் பெரியவர்கள். எத்தனை பவன் போடுவீர்கள் என்று கேட்பதில் குறையாத கௌரவம், பந்திச் செலவில் பாதி எங்களுடையது என்று சொல்வதில் குறைந்துவிடுமா? பெண் வீட்டார் முதலில் பேசக் கூசுகிறார்கள் என்பது உண்மை. பேசினால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அறுபதாயிரம் ரூபாய்க் கணக்கைப் பேசியதற்காக முறியும் சம்பந்தம், பேசாமல் விட்டாலும் வேறொரு கணக்கில் முறியத்தான் செய்யும், அதற்குள் பெண் அந்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

இளையவர்கள் வேறு சொல்கிறார்கள். “எங்க செலவை நாங்களே பாத்துக்குவோம் ஆன்ட்டி.” டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நல்ல சம்பளம், நல்ல மனசு. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பெண் வீட்டுச் செலவைப் பெண் தன் சேமிப்பிலிருந்து கொடுத்திருப்பாள். பையனின் சேமிப்பு அப்படியே இருக்கும். அப்பா கொடுத்ததை மகள் கொடுக்கிறாள். சுமை தலைமுறை மாறியது, பக்கம் மாறவில்லை. பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து வாழப்போகிற இரண்டு பேர் சேர்ந்து போடும் முதல் கணக்கு இது.

மேடை அலங்காரம் செய்கிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் பிழைக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அவர்களை நான் விலக்கச் சொல்லவில்லை. எங்கள் தாளிலும் அவர்களுக்கு வரி இருந்தது. அதே தாளில் நாதஸ்வரக்காரருக்கும் பூக்கட்டுகிற பெண்களுக்கும் சமையல்காரருக்கும் வரி இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. டிரோனுக்குப் பணம் இருக்கிறது, நாதஸ்வரத்துக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பையனைப் பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சைப் பெண்ணின் அப்பா எடுக்க மாட்டார், எடுக்க அவருக்கு வாய் வராது. நீங்கள்தான் எடுக்க வேண்டும். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நாள் குறிக்க உட்காரும்போது, பஞ்சாங்கத்தோடு ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துப் போங்கள். எங்கள் பக்கம் இத்தனை பேர் என்று எண்ணை முதலில் எழுதுங்கள். எழுதிய எண்ணைக் காப்பாற்றுங்கள். பிறகு அவரிடம், “அண்ணாச்சி, இதுல எங்க பங்கு எவ்வளவு?” என்று கேளுங்கள்.